தண்டவாளத்துக்கு மேலே ஏறிப்போன சாலை: வாசகர் கேள்வி – பதில்

கடலூர், புதுச்சேரி வட்டாரத்து ரயில் பாதைகளைப் பற்றியும், அவற்றின் மேலே போகும் சாலைப் பாலங்களைப் பற்றியும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

திருச்சி கோட்டை ரயில் நிலையத்தருகே 1860களிலேயே தண்டவாளத்துக்கு மேல் சாலைப் பாலம் கட்டிவிட்டார்கள். கடலூருக்கும் 1870களில் ரயில் வந்துவிட்டது. ஆனால் இங்கே அப்படிப்பட்ட பழைய பாலத்தைக் காண்பதே அரிது. எங்கே பார்த்தாலும் கேட்தான். என்ன காரணம்?
*– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

காரணம் மண்தான். தண்டவாளம் தரைக்குக் கீழே வெட்டுப்பள்ளத்தில் போகிற இடத்தில் சாலைப் பாலம் கட்டுவது எளிது. இரு கரையிலும் சுவர் எழுப்பி, நடுவே வளைவோ கர்டரோ (இரும்பு உத்திரமோ) போட்டால் சாலை இருந்த மட்டத்திலேயே போய்விடும். விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாகச் சிதம்பரம், மயிலாடுதுறை போகும் பாதை பெரும்பாலும் தட்டையான வயல்வெளியில், ஆற்றுப் படுகைகளைத் தாண்டிப் போகிறது. தென்பெண்ணை, கெடிலம் வெள்ளத்துக்குப் பயந்து தண்டவாளத்தையே மேடு கட்டித்தான் போட வேண்டும். அந்த மேட்டுக்கும் மேலே சாலையை ஏற்றுவதென்றால் எவ்வளவு மண் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) காலத்துக் கணக்காகச் சாலையை 5 மீட்டர் மட்டும் தூக்குவதாக வைத்துக்கொள்வோம். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஏற வேண்டுமானால் சரிவு 30-க்கு 1 (30 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்ற அளவைத் தாண்டக் கூடாது. ஆக, ஒரு பக்கத்துக்கு 150 மீட்டர் நீளம். மேலே 6 மீட்டர் அகலம், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்றால், ஒரு பக்க அணுகுசாலைக்கு (பாலத்துக்கு ஏறிப்போகும் சாலைக்கு) மட்டும் சுமார் 4,100 கன மீட்டர் மண். இரு பக்கமும் சேர்த்து 8,200. ஒரு வண்டிக்கு அரை கன மீட்டர் என்றால் 16,000 வண்டி நடைக்கு மேல். அந்த மண்ணைத் தோண்ட நிலம், கரையின் அடிப்பாகம் உட்கார 21 மீட்டர் அகல நிலம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். நாளுக்குச் சில ரயில்கள் மட்டும் போன பாதையில், ஒரு கேட்டும் ஒரு கேட் கீப்பர் குடிசையும் போதும் என்று அன்றைய தென்னிந்திய ரயில்வே முடிவு செய்ததில் வியப்பில்லை.

இதே கணக்கு இன்று இன்னும் பெரிது. மின்பாதைக்கு மேல் பாலம் கட்டினால் தண்டவாளத்திலிருந்து பாலத்தின் அடிப்பாகம் வரை இப்போது 6.525 மீட்டர் விடுகிறார்கள். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் சாலை சுமார் 8 மீட்டர் உயர வேண்டும். 30-க்கு 1 சரிவில் ஒரு பக்கம் 240 மீட்டர். புதுச்சேரி நூறடிச் சாலை மேம்பாலமும் அரும்பார்த்தபுரம் மேம்பாலமும் ஏன் அவ்வளவு தொலைவில் ஏறத் தொடங்குகின்றன என்பது இதிலிருந்து விளங்கும். கடலூர் லாரன்ஸ் சாலையில் மேம்பாலம் போடாமல் சுரங்கப்பாதை தோண்டியதையும் இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கீழே போவதென்றால் அந்த உயரம் வேண்டாம், சரிவின் நீளம் பாதியாகிவிடும். கடைவீதிக்கு நடுவே அரைக் கிலோமீட்டர் மண்கரை போட இடமில்லை. அதற்கு விலையாக மழைத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நம் பக்கத்தில் ஒரு பழைய சாலைப் பாலம் தண்டவாளத்தின் மேல் நிற்கிறதென்றால், அந்த இடத்தில் ஏதோ ஒரு தனிக் காரணம் இருந்திருக்க வேண்டும். மேடான தரை, ஸ்டேஷன் யார்டில் மணிக்கணக்கில் வண்டிகள் ஷண்டிங் ஆனது (முன்னும் பின்னும் போய்ப் பெட்டிகளைப் பிரித்துக் கோத்தது), ஆலைச் சரக்குப் போக்குவரத்து என்று ஏதாவது ஒன்று. அந்தக் காரணத்தைத் தேடுவதே ஊர் வரலாற்றின் முதல் படி.

ஒரு பாலத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்ல முடியுமா? கல்வெட்டோ பலகையோ இல்லாத பாலத்தில் எதைப் பார்க்க வேண்டும்?
*– வாசகர், வில்லியனூர்*

ஏறக்குறையச் சொல்லலாம். ஆனால் ஒரே ஓர் அடையாளத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. குறைந்தது மூன்று அடையாளங்களாவது ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று, தண்டவாளத்தில் இறங்காதீர்கள். அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். பிளாட்பாரத்தின் கோடியிலிருந்தோ, பாலத்தின் நடைபாதையிலிருந்தோ, பக்கத்துச் சாலையிலிருந்தோ கேமராவை ஜூம் செய்து எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். கீழ்ப்பக்கத்தில் வெயில் சாய்வாக விழும் காலை, மாலை நேரம்தான் நல்லது. உச்சிவெயிலில் அடிப்பாகம் கருநிழலாகி எதுவும் தெரியாது.

முதலில் தளம் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். முழுச் செங்கல் வளைவா? அப்படியானால் 19-ஆம் நூற்றாண்டு வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். இணைப்பில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது சுண்ணாம்புக் காரை. இளஞ்சிவப்புக்குக் காரணம் சுர்க்கி, அதாவது செங்கலை இடித்துச் சலித்த தூள். சாம்பல் நிறம் தெரிந்தால் அது சிமென்ட். புதுக் கட்டுமானமாகவும் இருக்கலாம், பழைய சுவரின் மேல் பிற்காலத்தில் பூசியதாகவும் இருக்கலாம். செங்கல்லின் அளவை மட்டும் நம்பாதீர்கள். 9 அங்குலம், நாலரை, 3 என்ற அளவு நம்மூரில் நூறாண்டுக்கு மேல் மாறாமல் வந்திருக்கிறது. சாலை தண்டவாளத்தைக் கோணலாகக் கடக்கும் இடத்தில் வளைவின் செங்கல் வரிசைகள் திருகு போலச் சாய்ந்து போகும். கைதேர்ந்த கொத்தனாரின் வேலை அது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் கட்டாயம் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்த வகை, இரும்புக் கர்டர்களுக்கு இடையே சின்னச் சின்னச் செங்கல் வளைவுகள் உட்கார்ந்திருப்பது. இதற்கு ஜாக் ஆர்ச் என்று பெயர். 4, 5 அடிக்கு ஒரு கர்டர். அதன் கீழ் விளிம்பில் இருபுறமும் வளைவு ஊன்றி நிற்கும். மேலே சுண்ணாம்பு ஜல்லி நிரப்பி, அதன்மேல் சாலை. வளைவுகள் கர்டரை வெளியே தள்ளிவிடாமல் இருக்கக் குறுக்கே இழுப்புக் கம்பிகள் போட்டிருப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து 1930கள் வரை இந்த முறை பரவலாக இருந்தது.

கர்டரின் நடுத்தகட்டில் உருட்டாலையின் (எஃகை உருட்டிக் கர்டராக்கிய ஆலையின்) பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். பெயின்ட் பல அடுக்கு ஏறி மூடியிருந்தாலும் சாய்வொளியில் தெரியும். டார்மன் லாங் போன்ற இங்கிலாந்து ஆலையின் பெயர் இருந்தால் இறக்குமதி. டாடா என்று இருந்தால் 1912-க்குப் பிறகுதான். ஜாம்ஷெட்பூர் ஆலையில் எஃகு உருகத் தொடங்கிய ஆண்டு அது. தகடுகளை இணைத்த முறையும் வயதைச் சொல்லும். பொத்தான் போல வட்டத் தலையுடன் வரிசையாக ரிவெட் இருந்தால் பழைய வேலை. வெல்டிங் தழும்போ ஆறு பட்டைத் தலை போல்ட்டோ இருந்தால் பிற்காலத்தது, அல்லது பிற்காலத்துப் பழுதுபார்ப்பு.

சில பாலங்களில் கைப்பிடித் தூணாகவும், சில இடங்களில் கர்டருக்குப் பதிலாகவும் கழித்த பழைய தண்டவாளத்தையே போட்டிருப்பார்கள். அந்தத் தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் புடைப்பாக ஒரு வரி ஓடும்: ஆலையின் பெயர், எடை, உருட்டிய ஆண்டு, அதை ஒட்டிச் சில சமயம் சின்னச் சின்னக் கோடுகள். கோடுகளின் எண்ணிக்கை மாதத்தைக் குறிக்கும். விரலால் தடவினாலே தட்டுப்படும். துரு ஏறியிருந்தால் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பிரதி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் எழும். எடை ‘60’ என்று இருந்தால் அது கெஜத்துக்கு 60 பவுண்டு, அதாவது மீட்டருக்கு 29.76 கிலோ. இன்று போடும் 60 கிலோ தண்டவாளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் எடையில் இது ஏறக்குறையப் பாதி. இங்கே ஓர் எச்சரிக்கை: அந்த ஆண்டு தண்டவாளம் உருட்டிய ஆண்டு, பாலம் கட்டிய ஆண்டு அல்ல. பாதையில் முப்பது நாற்பது ஆண்டு ஓடித் தேய்ந்த பிறகே இங்கே வந்திருக்கும். ‘இந்த ஆண்டுக்கு முன்னால் கட்டியிருக்க முடியாது’ என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

இடைவெளியை அளந்து பார்ப்பதிலும் இப்படி ஒரு பொறி இருக்கிறது. 12.2 மீட்டர் வந்தால் அது 40 அடி. உடனே ‘அடிக்கணக்குக் காலத்துப் பாலம்’ என்று எழுதிவிடுவார்கள். ஆனால் ரயில்வே தன் தர இடைவெளிகளை மெட்ரிக் வந்த பிறகும் 12.2, 18.3, 24.4, 30.5 என்று அப்படியே வைத்துக்கொண்டது. எனவே இடைவெளி மட்டும் போதாது. சுவரின் கனம், கைப்பிடிச் சுவரின் உயரம், படிக்கல்லின் அளவு எல்லாமே முழு அங்குலத்தில் வந்தால்தான் 1960களுக்கு முந்தையது என்று துணிந்து சொல்லலாம்.

கடைசியாகப் புகைக்கறை. நீராவி இன்ஜின் காலத்துப் பாலத்தின் அடியில், தண்டவாளத்துக்கு நேர் மேலே ஒரு கரும்பட்டை படிந்திருக்கும். புகையிலுள்ள கந்தகம் காரையையும் இரும்பையும் அரிக்கும் என்பதால் அந்த இடத்தில் தகடு அடித்திருப்பார்கள். தகடு போய்விட்டாலும் அதன் போல்ட் ஓட்டைகள் நிற்கும். அந்தக் கரும்பட்டை இன்றைய தண்டவாளத்தின் நடுக்கோட்டுக்கு நேராக இல்லாமல் விலகி இருந்தால், மீட்டர் கேஜ் பாதை அங்கேதான் ஓடியது என்று கொள்ளலாம். புதுச்சேரி – விழுப்புரம் பாதை 2004-இலும், விழுப்புரம் – மயிலாடுதுறை பாதை 2010-இலும் அகலப் பாதையாயின. இந்தப் பாதைகளில் நீங்கள் காணும் எந்தப் பழைய பாலத்திலும் அந்த மாற்றத்தின் தழும்பு எங்காவது இருக்கும். கரைச்சுவரின் மேல் புதிதாக ஏற்றிய காங்கிரீட் பட்டை, அடியில் வெட்டி இறக்கிய தரை இரண்டையும் தேடிப் பாருங்கள்.

மின்மயம் வந்தால் பழைய பாலத்தை இடித்தே ஆக வேண்டுமா? ஜாக்கி வைத்துத் தூக்க முடியாதா?
*– வாசகி, நெல்லிக்குப்பம்*

கர்டர் பாலமென்றால் தூக்கலாம். கர்டரின் கீழே ஜாக்கி வைத்துச் சிறுகச் சிறுக உயர்த்தி, கரைச்சுவரின் மேல் காங்கிரீட் மேடை கட்டி இறக்கிவிடலாம். ஆனால் தளம் உயர்ந்த அளவுக்கு இருபுறச் சாலையும் உயர வேண்டும். அரை மீட்டர் தூக்கினால் 30-க்கு 1 கணக்கில் ஒவ்வொரு பக்கமும் 15 மீட்டர் கூடுதல் ஏற்றம். சாலையோரத்து வீடுகளின் வாசல் அந்த அளவுக்குப் பள்ளத்தில் போய்விடும்.

செங்கல் வளைவைத் தூக்க முடியாது. வளைவு நிற்பதே இரு கரைச்சுவர்களின் மீது பக்கவாட்டில் தள்ளிக்கொண்டுதான். அந்தப் பிடி ஒரு நொடி தளர்ந்தாலும் குலைந்துவிடும். இன்னொரு சிக்கல், வளைவின் உயரம் நடுவில் மட்டுமே அதிகம். ஓரத்துக்குப் போகப் போகத் தாழும். ஒற்றைப் பாதை நடுவே போனவரை இடைஞ்சலில்லை. இரட்டைப் பாதையாகும்போது இரண்டு தண்டவாளமும் ஓரத்துக்குத் தள்ளிப் போவதால், பெட்டியின் தோள்பட்டை வளைவின் சரிவில் இடிக்கும் அளவுக்கு நெருங்கிவிடும்.

உயரக் கணக்கு இது. அகலப் பாதையில் நிறுத்திவைத்த வண்டியின் உச்சிக்கு அனுமதிக்கப்பட்ட அளவு 4.265 மீட்டர். மின்கம்பி வழக்கமாகத் தண்டவாளத்துக்கு மேல் ஐந்தரை மீட்டர் உயரத்தில் ஓடும். கம்பியில் 25,000 வோல்ட் இருப்பதால் அதற்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் இடையே, அசையாமல் இருக்கும்போது, குறைந்தது 250 மில்லிமீட்டர் காற்றிடைவெளி வேண்டும். பாலத்தடியில் மட்டும் கம்பியைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டுவது ஒரு வழி. தண்டவாளத்தைத் தோண்டி இறக்குவது இன்னொரு வழி; கட்டும் செலவு குறைவு. ஆனால் இறக்கிய இடம் குட்டையாகி மழைநீர் தேங்கும், ஜல்லி சேறாகும். கரைச்சுவரின் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் தோண்டினால் சுவரே சாயும். கடலூர்க் கரையோரத்தைப் போல நிலத்தடி நீர் மேலே நிற்கும் ஊரில் தண்டவாளத்தை இறக்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். சென்னை யானைக்கவுனிப் பாலம் போலப் பல பழைய பாலங்களை இடித்துப் புதிதாகக் கட்டியதற்கு வயதும் இந்த அளவு நெருக்கடியும் சேர்ந்துதான் காரணம்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது போட்ட ரயில் பாதை இது. பாலம், கேட் பற்றிய ஆவணங்கள் பிரெஞ்சில் இருக்குமா, ஆங்கிலத்திலா? எங்கே போய்க் கேட்பது?
*– வாசகர், முதலியார்பேட்டை*

இரண்டிலும் இருக்கும். எது எதில் என்பதைப் புரிந்துகொண்டால் அலைச்சல் குறையும். புதுச்சேரி – விழுப்புரம் பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதை அமைத்தது பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி. ஆனால் வண்டி ஓட்டியது, பராமரித்தது எல்லாம் தென்னிந்திய ரயில்வே. எனவே தண்டவாளம், பாலம், கேட் பற்றிய தொழில்நுட்ப வரைபடங்கள் ஆங்கிலத்தில், ரயில்வேயின் வழிவந்தவை. நிலம் எடுத்தது, சாலையை மாற்றியது, உரிமம் கொடுத்தது ஆகியவை பிரெஞ்சு நிர்வாகத்தின் கோப்புகளில். தென்னிந்திய ரயில்வே 1944-இல் அரசுடைமையாகி, 1951 ஏப்ரல் 14-இல் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தது. இன்று கடலூரும் புதுச்சேரியும் திருச்சிராப்பள்ளி கோட்டத்துக்குள் வருகின்றன.

நிலத்திலிருந்து தொடங்குவதே எங்கள் யோசனை. தமிழ்நாட்டுப் பகுதி என்றால் கிராம வரைபடம், புலப்படம் (ஒவ்வொரு புல எண்ணுக்குமான அளவை வரைபடம்), அ-பதிவேடு (கிராமத்து நில விவரப் பதிவேடு) மூன்றையும் பாருங்கள். தண்டவாளத்தின் இருபுறமும் ரயில்வே நிலம் எங்கே திடீரென்று அகலமாகிறது என்று கவனியுங்கள். சாலையின் இருபுறமும் முக்கோணமாகவோ ஆப்பு வடிவிலோ புறம்போக்கு இருந்தால், அது ஒரு காலத்தில் அணுகுசாலைக் கரைக்காக எடுத்த நிலமாக இருக்கலாம். பாலம் மறைந்த பிறகும் உட்பிரிவு எண் மறைவதில்லை. புதுச்சேரியில் பழைய பத்திரங்களில் மறு அளவை எண்ணுடன் ‘கதாஸ்தர்’ எண்ணும் எழுதியிருப்பார்கள். பிரெஞ்சுக் கால நில அளவின் தொடர்ச்சி அது. இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு நில அளவைத் துறைக்குப் போனால்தான் பழைய வரைபடம் கைக்கு வரும். ஒன்று மட்டும் கொண்டு போனால் திரும்பி வர வேண்டியிருக்கும்.

ரயில்வேயிடம் கேட்கத் தகவல் உரிமைச் சட்டம் போதும். கட்டணம் 10 ரூபாய், மனு 500 சொல்லுக்குள். பலர் தோற்பது கேள்வியில்தான். ‘இந்தப் பாலத்தின் வரலாறு என்ன, ஏன் கட்டினீர்கள்’ என்று கேட்டால் ‘அப்படிப்பட்ட தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். எந்த இரு நிலையங்களுக்கு இடையே, எத்தனையாவது கிலோமீட்டரில், பாலத்தில் எழுதியுள்ள எண் என்ன என்று மூன்றையும் குறிப்பிட்டு, பாலப் பதிவேட்டில் அதற்குரிய பக்கம், கட்டி முடித்தபோது வரைந்த வரைபடம், அகலப் பாதையாக்கியபோது தயாரித்த பொது அமைப்பு வரைபடம் ஆகியவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். கிலோமீட்டர், மின்கம்பத்தில் ‘சாய்வுக்கோட்டுக்கு முன் கி.மீ., பின் கம்ப எண்’ என்ற முறையில் எழுதியிருக்கும். ஓடும் வண்டியிலிருந்தே படம் எடுக்கலாம்.

சாதாரணத் தாளுக்குப் பக்கம் 2 ரூபாய். பழைய வரைபடங்கள் பெரிய துணித்தாளில் இருக்கும். நகலெடுக்க வழியில்லை என்பார்கள். அதனால் மனுவிலேயே ‘ஆவணத்தை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்’ என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம், அதற்குமேல் மணிக்கு 5 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அணுகுசாலை நெடுஞ்சாலைத் துறையிடமோ பொதுப்பணித் துறையிடமோ இருக்கும். அதற்குத் தனி மனு.

அச்சில் வந்தவற்றில் 1878-இல் கார்ஸ்டின் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடும், 1906-இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியரும் கடலூர்க்காரர்களுக்கு முதல் நிறுத்தம். முன்னது ரயில் வந்த சூட்டோடு எழுதப்பட்டது என்பதால், ரயிலுக்கு முன் எந்தச் சாலை எப்படிப் போனது என்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எங்கள் ஊர்ப் பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அரசமரம் முளைத்திருக்கிறது. அடியில் விரிசலும் தெரிகிறது. ஊர் இளைஞர்கள் மரத்தைப் பிடுங்கிச் சிமென்ட் பூசலாம் என்கிறார்கள். செய்யலாமா?
*– வாசகி, பண்ருட்டி*

வேண்டாம், அம்மா. இரண்டுமே கெடுதல். அரச வேர் காரையின் இடுக்கில் பின்னியிருக்கும். இழுத்தால் வேரோடு நாலு செங்கல்லும் வரும். கீழே 25,000 வோல்ட் கம்பி போனால் உயிருக்கே ஆபத்து. வெட்டி மட்டும் விட்டால் ஆறு மாதத்தில் முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். தண்டை ஒட்ட வெட்டி, உடனே அதில் துளையிட்டு வேர்க்கொல்லி மருந்து ஊற்றி, வேர் பட்டுப்போனதும் செங்கலைப் பிரித்து வேரை எடுத்துத் திரும்பக் கட்டுவதே முறை. ரயில் போக்குவரத்தையும் மின்சாரத்தையும் நிறுத்தி அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. ரயில்வே ஆட்கள் மட்டுமே செய்யலாம்.

சிமென்ட் பூச்சு ஏன் கூடாது என்றால், சுண்ணாம்புக் காரை மென்மையானது. உள்ளே போன ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் கெட்டிச் சிமென்ட் பூசினால் ஈரம் செங்கல் வழியாகத்தான் வெளியேற முடியும். கடற்காற்றில் வந்த உப்பும் அந்த ஈரத்தோடு சேர்ந்து செங்கலின் முகத்துக்குப் பின்னால் பூத்து, முகத்தையே உரித்துத் தள்ளும். பூச்சு அப்படியே நிற்க, பின்னால் செங்கல் மாவாகிக் கிடக்கும். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. சரியான வேலை இது: பழைய இணைப்பை 20 முதல் 25 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீரால் கழுவி, நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்குக்குச் சுர்க்கியும் மணலும் சேர்த்து இரண்டரை, மூன்று பங்கு கலந்து திணித்து, ஈரச் சாக்குப் போட்டு ஒரு வாரமாவது காயவிடாமல் காப்பது. மூன்றாம் நாளே சாக்கை எடுத்துவிட்டால் காரை பொடியாக உதிரும்.

விரிசல் போகும் திசையைப் பார்த்துச் சொல்லுங்கள். சாலை போகும் திசையிலேயே, கைப்பிடிச் சுவருக்கு அருகே நீளமாக ஓடினால் உள்ளிருக்கும் நிரப்புமண் நனைந்து பக்கச்சுவரைத் தள்ளுகிறது. நீர்க்கசிவுத் துளைகள் அடைத்திருக்கும். சாலைக்குக் குறுக்காக, வளைவின் அகலம் முழுக்க ஓடினாலோ, மூலையிலிருந்து உச்சி நோக்கிக் கோணலாக ஏறினாலோ கரைச்சுவர் அசைகிறது என்று பொருள். அதை உடனே சொல்ல வேண்டும். ஜாக் ஆர்ச்சில் சின்ன வளைவின் உச்சியில் நீளவாக்கில் கோடு விழுந்தால் இழுப்புக் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கலாம். விரிசலுக்கு அருகில் ஒரு ரூபாய் நாணயமோ அளவுகோலோ தெரிகிறபடி, ஒரே இடத்திலிருந்து மாதம் ஒருமுறை படமெடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அகலம் கூடுகிறதா என்பதுதான் கேள்வி. கூடாத விரிசல் நூறாண்டுகூட நிற்கும்.

இன்னொன்றையும் பாருங்கள்: தார். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வருவார்கள். 7 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளப் பாலத்தில் 50 மி.மீ. தார் ஏற்றினால் கூடும் எடை ஏறத்தாழ 12 டன். மூன்று முறை போட்டால் 36 டன். அதைப் பாலம் இரவும் பகலும் சுமக்கிறது. கைப்பிடிச் சுவரும் அத்தனை மி.மீ. குட்டையாகிறது. சுவர் உங்கள் இடுப்புக்குக் கீழே இருந்தால் தாரின் கனத்தைச் சந்தேகப்படுங்கள். புகாரில் இதையும் எழுதுங்கள்.

புகாரை ரயில்வே உதவி எண்ணான 139-க்குச் சொல்லுங்கள். பாலத்தின் எண்ணைச் சொல்லுங்கள். தண்டவாளத்தின் மேல் இருக்கும் பகுதி ரயில்வேயின் பொறுப்பு. இருபுறச் சாலை நெடுஞ்சாலைத் துறை அல்லது உள்ளாட்சியுடையது. இரண்டுக்கும் நகல் அனுப்புங்கள். செங்கல்லோ காரையோ தண்டவாளத்தில் விழுவதைக் கண்டால் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அருகிலிருக்கும் கேட் கீப்பரிடமோ ஸ்டேஷன் மாஸ்டரிடமோ ஓடிச் சொல்லுங்கள்.

ஒரு கேட்டுக்குப் பதில் எப்போது மேம்பாலம் கட்டுவார்கள்?
*– வாசகர், ஏ.எஃப்.டி. மில் பகுதி, புதுச்சேரி*

நாளொன்றுக்குப் போகும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளால் பெருக்குவார்கள். அது 1 லட்சத்தை எட்டினால் செலவை ரயில்வேயும் மாநிலமும் பாதிப் பாதி ஏற்கும் முறையில் பாலத்துக்குத் தகுதி. கார், பஸ், லாரி, மாட்டுவண்டி ஒன்றுக்கு 1 அலகு. ஆட்டோ, சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு அரை. இருசக்கர வண்டிக்குக் கால். 20 ரயில் போனால் 5,000 அலகு வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பாலத்தை இடிக்கப்போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் எதையெல்லாம் பதிவு செய்து வைக்கலாம்?
*– வாசகர், கடலூர் முதுநகர்*

ஒரு ஞாயிறு காலையும் மூன்று பேரும் போதும். சாலை மட்டத்திலிருந்தே எடுக்கக்கூடிய அளவுகள்: இரு கைப்பிடிச் சுவர்களுக்கு இடையே அகலம், சுவரின் நீளம், கனம், உட்பக்க உயரம், அணுகுசாலையின் சரிவு. சரிவுக்கு ஒரு எளிய வழி: நிறமற்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் 10 மீட்டர் இடைவெளியில் பிடித்தால் மட்ட வித்தியாசம் தெரியும். 33 செ.மீ. வந்தால் 30-க்கு 1. குழாயில் காற்றுக் குமிழ் நின்றால் அளவு தப்பும். ஒரு முனையைத் தாழ்த்தி ஓடவிட்டுக் குமிழை வெளியேற்றிய பிறகு அளங்கள். அளவை மீட்டரிலும் அடி அங்குலத்திலும் எழுதுங்கள். பழைய வரைபடம் கிடைக்கும்போது ஒப்பிட அடிக்கணக்குதான் கைகொடுக்கும்.

கைப்பிடிச் சுவர் மேல் தாழ்வாகக் குனிந்து கேமராவையோ கம்பியையோ வெளியே நீட்டாதீர்கள். மின்கம்பியிலிருந்து 2 மீட்டருக்குள் எதுவும் போகக் கூடாது. உலோக டேப்பைத் தொங்கவிட்டு உயரம் பார்ப்பது உயிரை எடுக்கும். செல்ஃபி குச்சியும் அப்படியே.

நான்கு மூலைக் கல், எண் எழுதிய இடம், கர்டரின் புடைப்பெழுத்து, தண்டவாளத் தூண் வரி, நீர் வடியும் வாய், விளக்குக்கம்பம் நட்ட குழி ஆகியவற்றைத் தண்டவாளத்தில் இறங்காமல், தேவையான இடத்தில் ஜூம் செய்து, தனித்தனியே எடுங்கள். பிறகு பாலத்தை இரு கரையிலிருந்தும் முழுதாக. பக்கத்தில் கடை வைத்திருக்கும் முதியவர்களிடம் பாலத்தை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், எந்தப் பக்கம் முதலில் அகலப்படுத்தினார்கள், எப்போது லாரி தடை வந்தது என்ற மூன்று கேள்வியை மட்டும் கேளுங்கள். ஆண்டு கேட்டால் தடுமாறுவார்கள். ‘தானே புயலுக்கு முன்னாலா பின்னாலா’, ‘அகல ரயில் வந்தபோதா’ என்று கேட்டால் பளிச்சென்று சொல்வார்கள்.

இடிப்பில் வரும் இரும்பு ஏலத்துக்குப் போகும். பெயர்த்தகடும் அதோடு சேர்ந்து எடைக்கு விழும். ஏல அறிவிப்பு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே, பெயர்த்தகடு, எண் பொறித்த கல், கர்டரின் எழுத்துள்ள ஒரு மீட்டர் துண்டு ஆகியவற்றைத் தனியே எடுத்துவைக்கும்படி கோட்ட ரயில்வே மேலாளருக்கு, படம் இணைத்து, ஊர் மக்கள் கையெழுத்தோடு மனு கொடுங்கள். திருச்சியில் ரயில்வே பாரம்பரிய மையம் இருக்கிறது. எங்கே அனுப்ப வேண்டும் என்ற கேள்விக்கு மனுவிலேயே அந்த இடத்தை எழுதிவிடலாம்.